உப்பும் கண்டமும்

பெட்ரோல் பங்க்கில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
எறும்பெழுத்தில் இருந்தது உப்பின் கணக்கு.
மூன்றாவது வரியில் சர்க்கரை.
நான்காவதை வாய்விட்டுப் படிக்கப் போய்
நாக்கு சுளுக்கிக்கொண்டது.
ட்ஷெனோலோவின் ரத்த அழுத்தம்
சென்ற வாரம் நூற்று அறுபது.
பொட்டலத்தை எடுத்த கொக்கியிலேயே மாட்டினேன்.
பின்சீட்டில் வரோனா
கான்ஸி வரும்வரை பேசவில்லை.

கலஹாரியின் ஜூலைக் குளிரில் ஈரம் கிடையாது.
மாட்டுத்தொடையை நாரோட்டத்தோடு அரிந்து
வினிகரில் நனைத்து
வறுத்துடைத்த மல்லிவிதையை அப்பினேன்.
உப்பு மட்டும் டீஸ்பூன் கணக்கில்,
அதுவும் தலைதட்டி.
அட்டைப்பெட்டிக்குள் கம்பி கட்டித் தொங்கவிட்டேன்.
கீழே நாற்பது வாட் பல்பு,
பக்கத்தில், செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து
கழற்றிய விசிறி. இரவெல்லாம் முனகியது.

முதல் ஈடு பச்சையாய்ப் பூத்தது.
நாய்கூட முகர்ந்துவிட்டு யோசித்தது.
இரண்டாவது, செருப்புத் தைக்க ஆகும்.

"உப்பு போதாது" என்றான் ட்ஷெனோலோ,
மூன்றாவது ஈட்டின்
ஏழாவது துண்டை மென்றபடி.

வரோனா யாரையும் கேட்கவில்லை.
கதவிடுக்கில் நின்று தின்றாள்,
கடைவாயால், கண்ணை மூடிக்கொண்டு.
திடீரென்று நிறுத்தினாள்.
உள்ளங்கையில் துப்பினாள்.
கறித்துண்டில் குத்திட்டு நின்றது
பத்து நாளாய் ஆடிக்கொண்டிருந்த பல்.

ஓடிப்போய்ப் பஞ்சு எடுத்துவந்தேன்.
அதற்குள் அவள்
அந்தத் துண்டையே மறுபடி நக்கிப் பார்த்து,
ஈறு தெரியச் சொன்னாள்:
"இப்போ உப்பு சரியா இருக்கும்மா."