உதுமான் பாறை

கீழக்கரைப் பண்டகசாலை மாடியில்
ஒலாந்தாக்காரன் யோரிஸ் கடலை விரித்து
நான்கு மூலைக்கும் நான்கு சங்கு வைத்திருந்தான்.
எனக்கு ஈயக்குண்டு வேலை.
கயிற்றை விட்டு, முடிச்சை எண்ணி,
குண்டின் அடியில் அப்பிய ஆட்டுக்கொழுப்பில்
ஒட்டி வந்ததைச் சொல்ல வேண்டும்:
மூன்று பாகம், சேறு.
ஐந்தரை, வெள்ளை மணல்.
நான் சொல்லச் சொல்ல
அவன் தண்ணீரின் மேல் எண் எழுதினான்.

கச்சான் ஓயாத ஒரு நாள், வள்ளம் இறங்கவில்லை.
தோலைத் திருப்பிக் காட்டினான்.
எங்கள் கரையை அவன் எழுதியது முதுகுப்பக்கம்.
வயிற்றுப்பக்கம் ஏற்கெனவே ஒரு கரை இருந்தது.
இஸ்பானிய ராஜாவின் மேற்குத் தேசமாம்.
எவனோ வரைந்ததைப் பார்த்து எவனோ வரைந்ததை
இவன் ஏலத்தில் எடுத்தானாம், தோல் மலிவு என்று.

"இது முத்துத் தீவு."
சுண்டுவிரல் நகத்தளவு. அதற்குள் ஓர் ஊர்,
மணிக்கூண்டு, சிவப்புக் கூரைகள்.
எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று கேட்டேன்.
யாருமில்லை.
மூச்சுப் பிடித்து இறங்கிய அடிமைகள் தீர்ந்து,
சிப்பி தீர்ந்து,
ஒரு புயலில் மிச்ச ஊரும் தீர்ந்து
நூற்றறுபது வருஷம் ஆகிறதாம்.
"பிறகு ஏன் கூரை சிவப்பாக இருக்கிறது?"
"முதலில் வரைந்தவனிடம் சிவப்பு மை இருந்தது."

வடக்கே நீளமாய் இன்னொரு தீவு, கலிபோர்னியா.
அது தீவே இல்லை என்கிறானாம் ஒரு பாதிரி,
நடந்து போய்ப் பார்த்துவிட்டு.
"சுரண்டிவிடேன்."
"சுரண்டினால் தோல் ஓட்டையாகும்" என்றான்.

எங்கள் பேச்சில்
பார் என்றால் உலகம்.
பார் என்றால் முத்துச்சிப்பி விளையும் கடலடிக் கல்.
பார் என்றால், பார்.
யோரிஸ் தினமும் காலையில் கேட்பான்,
"பார் எங்கே?"
கண்ணுக்கு முன்னால்தானே கிடக்கிறது என்பேன்.
சிரிப்பான். கூலியில் கால் பணம் குறைப்பான்.

அப்பா தீவுக்குத் தெற்கே குண்டை விட்டேன்.
ஏழு பாகம்.
கொழுப்பில் இளஞ்சிப்பி, நகம் நகமாக, உயிரோடு.
அவன் பக்கம் திருப்புவதற்குள்
கட்டைவிரலால் வழித்துக் கடலில் உதறினேன்.
"ஒன்றரை. கூர்ப்பாறை. கப்பல் தாங்காது."
"பெயர்?"
பெயருக்கு எங்கே போவேன்?
உதுமானுக்கு நாற்பது பணம் பாக்கி இருந்தது.
வாயில் நின்றது அதுதான்.

சுருள் சுருளாக எழுதினான்,
சுற்றிலும் சின்னச் சின்னச் சிலுவைகள் போட்டான்.
மை உலர விளக்கருகே பிடித்தபோது
தோலுக்குள் வெளிச்சம் ஏறியது.
உதுமான் பாறைக்கு நேர் பின்னால்
அந்தச் சிவப்புக் கூரைகள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும்.

சமுத்திரத்தில் தன் பெயர் கிடக்கிறது என்று கேட்டு
உதுமான் அந்த மாத வட்டியை விட்டுக்கொடுத்தான்.
முதலை விடவில்லை.

யோரிஸ் போய்ப் பதினெட்டு வருஷம்.
கம்பெனிக் கப்பல்கள் அந்த இடத்தைச் சுற்றிப் போகின்றன.
அவற்றைப் பார்த்துத் தோணிகளும்.
கரையில் இரண்டு பேர்
பாறையில் இடித்ததாகவே சொல்கிறார்கள்,
ஒருவன் தழும்பைக் காட்டுகிறான்.

நேற்று என் வள்ளத்தில் உதுமானின் இளைய மகன்.
"விலக்கிப் பிடிங்க மாமா,
வாப்பாவோட பாறை வருது."
சுக்கானைத் திருப்பினேன்.
கீழே சிப்பி இருக்கிறதா, செத்துவிட்டதா, தெரியாது.
குண்டும் கயிறும் காலடியில்தான் கிடந்தன.