ஒன்றும் தடவாத நெற்றி

பாமாயில் ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால்
பகாவில் எல்லாருக்கும் எண்ணெய் முகம்தான்
என்பான் அண்ணன் லோகேந்திரன்.
அது அறிவியல் இல்லை, கிண்டல்.
நான் ஐந்தாம் படிவம், கெமிஸ்ட்ரி எடுக்கிறேன்.
அதனால் கணக்கெழுத ஆரம்பித்தேன்.

நாற்பது பக்க நோட்டு.
முதல் பக்கத்தில் என் முகம்:
காம்பஸ் வைத்து ஒரு வட்டம்,
மூக்குக்கு ஒரு கோடு.
இடக்கன்னம் பதினொன்று.
வலக்கன்னம் ஒன்பது,
வெளியே வராமல் உள்ளேயே வலிக்கும் ஒன்றைச் சேர்த்தால்
பத்து.
நெற்றியில் ஏழு.

இடப்பக்கத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும்.
வேப்பிலை, மாரியம்மன் கோயில் பின்வேலியில்
பூசாரி குளிக்கப் போகும் நேரத்தில் பறித்தது.
வலப்பக்கத்துக்கு பெடாக் சேஜுக்,
எதிர்வீட்டு மாக்சிக் ரொஹானா
ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுத் தந்தது.
எலிப்புழுக்கை அளவில் வெள்ளை மணிகள்;
நாலு மணிக்கு ரெண்டு சொட்டுத் தண்ணீர்,
விரலில் குழைத்தால்
ஊறிப்போன அரிசி வாசம்.

நெற்றிக்கு ஒன்றுமில்லை.
ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும்,
ஒன்றைத் தொடாமல் விடு என்றுதான்
சிகு நோரைனி சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள்
மஞ்சள் தலையணைக்கு இறங்கிவிட்டது.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அம்மா
உறையை உருவிக்கொண்டே
"குழம்புக்கு வச்ச மஞ்சத்தூள் எங்கேடி?" என்றாள்.
நான் பதில் சொல்லாமல்
அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டு மணி நேரம் முகக்கவசம் அழுத்தும் இடத்தில்
சிவப்பாய் நாலு.
எண்ணியது அவளுக்குத் தெரியாது.
இருபத்து மூன்றாம் பக்கத்தை
அவளுக்கென்று விட்டு வைத்திருக்கிறேன்.
படம் வரையவில்லை.
கேட்கலாம் என்று போனபோதெல்லாம்
தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் நோட்டில் இல்லாத ஒரு காரியம் செய்தேன்.
யாரோ சொன்னார்கள் என்று
வலக்கன்னத்தில் லீமாவ் கஸ்தூரி பிழிந்து
அப்படியே பள்ளித் திடலுக்கு ஓடப் போனேன்.
பதினொரு மணி வெயில்.
மறுநாள் பத்து சென் காசு அளவுக்குக்
கன்னம் கறுத்துப்போயிருந்தது.
அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால்
'தவறு' என்று எழுதியிருக்கிறேன்.
கீழே ரெண்டு கோடு.

இருபத்தோராம் நாள்.
அப்பாவின் மோட்டார்க் கண்ணாடியைத் திருப்பி வைத்து
வெளிச்சத்தில் எண்ணினேன்.
இடது: பத்து.
வலது: ஒன்பது, காசு தனி.
நெற்றி:
மறுபடி எண்ணினேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன்.
ஒன்றுகூட இல்லை.

நியாயமா இது?
தேடி, திருடி, அரைத்து,
தூங்கும்போதுகூடப் புரளாமல் காத்த கன்னங்கள்
அப்படியே இருக்க,
திரும்பியும் பார்க்காத நெற்றி
பீங்கான் தட்டு மாதிரி பளபளக்கிறது.
சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போன விருந்தாளிமேல் வருவதுபோல
அதன்மேல் எனக்குக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை பாசார் மாலாமில்
அப்பாம் பாலிக் வாங்க நின்றபோது
பின்வரிசை வீட்டு துர்காஷினி பக்கத்தில் வந்து
கன்னத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"நெத்திக்கு என்ன போடுறே?"
"ஒண்ணும் இல்ல."
"சொல்ல மனசில்லைன்னா விடு."
மாவு வட்டத்தில் குமிழ் குமிழாய்ப் பொரிந்துகொண்டிருந்தது.
ரெண்டு பேரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றோம்.

காசு கொடுத்துத் திரும்பும்போதுதான் கவனித்தேன்,
புதிதாய் வெட்டிய முன்முடி
அவள் புருவம் வரை இறங்கியிருந்தது.
காற்றே இல்லை. ஆனாலும்
ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள்.

நாளைக்கு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டலாம்.
எல்லாம் தேதி போட்டு இருக்கிறது.
ஆனால் அவள் புரட்டிப் புரட்டி
மஞ்சள் கறை பட்ட பக்கத்தில் நிறுத்துவாள்,
எத்தனை கரண்டி என்று
அதைத்தான் கேட்பாள்.