நூற்றைம்பது சொற்களுக்குள்

ஜனவரி பிறந்தால் என் மேசைக்குப் பாராட்டுகள் வரும்.
பெட்டவாவா முகாம், இரண்டாம் மாடி,
சூடாக்கி இருமிக்கொண்டிருக்கும் அறை.
ஆண்டு விருதுக்கான பரிந்துரைகள், இம்முறை பத்தொன்பது.
எழுத்துப்பிழை பார்ப்பதும்
படை எண் சரிபார்ப்பதும்
நூற்றைம்பது சொல்லைத் தாண்டினால் வெட்டுவதும் என் வேலை.
இராணுவத்தைப் புகழ்ந்து தட்டச்சு செய்வாய் என்று
பதினாறு வயதில் யாராவது சொல்லியிருந்தால்
சிரித்திருக்கமாட்டேன்.
ஓடியிருப்பேன்.

சார்ஜன்ட்டுகளுக்குப் புகழத் தெரியாது.
"நல்ல ஆள். நேரத்துக்கு வருவார்" என்று எழுதியிருந்தார் ஒருவர்.
இன்னொருவர் "மேலே சொன்னதேதான்" என்று,
மேலே எதையும் சொல்லாமல்.
செயலுக்கு ஒரு கட்டம், விளைவுக்கு ஒரு கட்டம்.
விளைவை எண்ணில் தருக என்று அடியில் பொடி எழுத்து.

ஏழாவது படிவம்: கோப்ரல் லியான் டூசெட், பண்டகசாலை.
காலுறையிலிருந்து கூடார ஆணி வரை
பதினோராயிரம் பொருட்களைக் கணக்கெடுத்தார்.
பிசகியவை நான்கு.

தாளைத் திருப்பினேன்.
பென்சிலில், சார்ஜன்ட் வாய்சிக்கின் சாய்ந்த கையெழுத்து:

"இதைச் சேர்க்க முடியாது, தெரியும்.
செப்டம்பரில் பயிற்சியின்போது லாரி கவிழ்ந்து போனானே ஒரு பையன்,
அவன் பெட்டியை அடுக்கியது டூசெட்.
எல்லாவற்றையும் துவைத்து அனுப்பவேண்டும், விதி அப்படி.
துவைத்தான். இஸ்திரி போட்டான்.
சட்டைப்பையில் கிடந்த சூயிங்கம் தாளைக்கூட மடித்து வைத்தான்.
ஒரு சட்டையை மட்டும் துவைக்கவில்லை.
உறையிலிட்டு வாயை ஒட்டி அடியில் வைத்தான்.
ஏன் என்று கேட்டேன்.
மெல்ஃபோர்ட்டில் அவனுக்கு அம்மா இருக்கிறாள், என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்."

ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை,
மதிலைக் காத்தால் நொச்சி, வென்றால் வாகை.
போரின் ஒவ்வோர் அசைவுக்கும் பூ வைத்த மொழி என்னுடையது.
துவைக்காமல் விட்ட சட்டைக்கு எந்தப் பூ?
மத்தியானச் சாப்பாடு டப்பாவில் ஆறிப்போகும்வரை தேடினேன்.

என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்களும்
சீருடைக்காரர்கள்தான்.
கட்டிலில் அவன் கழற்றிப்போட்ட சாரத்தை
அம்மா அன்று பின்னேரமே தோய்த்துக் கொடியில் போட்டாள்,
வந்தவுடன் கட்டுவான் என்று.
கிணற்றடியில், நல்ல வாசனைச் சவர்க்காரம் போட்டு.
பிறகு ஒருநாளும்
அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

விதியை மீறியது விருதுப் படிவத்தில் ஏறாது.
முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்தேன்.
எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்தொன்பது சொல்.
ஒன்று மிச்சம்.
"கணக்கெடுத்தார்" என்பதற்கு முன்னால்
"கவனமாக" என்று போட்டேன்.

பிப்ரவரி, உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கொடிகள், கேக், மடக்கு நாற்காலிகள்.
கர்னல் வாசித்தார். பதினோராயிரம் என்றதும்
பின்வரிசையில் ஒருவன் சீழ்க்கை அடித்தான்.
காலுறைகளுக்காகக் கூடமே கை தட்டியது.
காது சிவக்கப் போய் வாங்கிக்கொண்டான் டூசெட்.
என் ஒற்றைச் சொல்லைக் கர்னல்
ஒரு தும்மலோடு விழுங்கிவிட்டிருந்தார்.
வாய்சிக் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் கேக்கைப் பார்த்தேன்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வாகனத் தரிப்பிடத்தில் அவன் கார் வெள்ளையாய் உறைந்திருந்தது.
கதவுப் பையில், இருக்கைக்கு அடியில், பின்பெட்டியில் துழாவினான்.
பதினோராயிரத்துக்குக் கணக்கு வைத்தவனிடம்
பனி சுரண்ட ஒரு தகடு இல்லை.
கேடயத்தை எடுத்தான்.
பெயர் பொறித்த பித்தளையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
மர விளிம்பால் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினான்.

என் காரில் சுரண்டி இருந்தது.
கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.
பனி தூளாய்ப் பறந்து அவன் தொப்பியில் படிய,
கண்ணாடியில் ஒரு முகத்தின் அளவுக்கு
இடம் தெளியும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.