திருத்தம்

அது ஒரு காலத்தில் கேரம்போர்டு.
கருப்பு பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறோம்,
திருவொற்றியூர் ஐஸ் கம்பெனி சந்தில்
சின்டெக்ஸ் தொட்டிக்கு மேலே.
நாலு மூலை ஓட்டைக்கும்
கிழிந்த வலையில் பை தைத்துக் கொடுத்தான் அலெக்ஸ்.
சாக்பீஸ் வைக்க.

நான் எழுதுவதற்குக் காரணம் கையெழுத்து இல்லை.
தண்ணி லாரி தேசிங்கின் போனில்
இந்தச் சந்திலிருந்து இருப்பது என் நம்பர் மட்டும்.

செவ்வாய்: காலை ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இருக்காது.
மாவு அரைப்பவர்கள் முன்பே அரைத்துக்கொள்ளவும்.
(இரண்டாவது வரி மின்வாரியம் சொன்னதல்ல.)
புதன்: பாமாயில் வந்துவிட்டது. துவரம்பருப்பு வரவில்லை.
மீன் வெட்டி ரேகை தேய்ந்தவர்கள்
ரேஷனுக்கு வீட்டில் வேறு யாரையாவது அனுப்பவும்.
வியாழன்: பலத்த காற்று. கடலுக்குப் போக வேண்டாம்.
"கட்லு நேத்தே சொல்லிச்சு, ஒன் போர்டு லேட்டுக்கா,"
டீ கிளாசோடு நின்று சிரித்தான் அலெக்ஸ்.

வெள்ளிக்கிழமை தேசிங்கு போன் செய்தபோது
குக்கர் கத்திக்கொண்டிருந்தது.
ஆறு மணி என்றாராம்.
நாலு மணி என்று எழுதிவிட்டேன்.

சனி விடியுமுன் சந்து முழுக்கக் குடம்.
பச்சை, நீலம், மூடி போன ஆரஞ்சு.
பேத்தி குடத்தின்மேல் தலை வைத்துத் தூங்க
அவள் காலைத் தாண்டித் தாண்டி வந்தது கூட்டம்.
நாலு ஐந்து. லாரி இல்லை.
சுலோச்சனா என்னைத் திட்ட ஆரம்பித்து
பாதியில் மூக்கைப் பொத்தினாள்.

வடக்கிலிருந்து வந்தது.
அழுகிய முட்டையா, அமிலமா,
பெயர் வைக்கத் தெரியாத ஒன்று
தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தொங்கியது.

"இது எங்க ஊட்டு சிலிண்டர்னு நெனச்சேன்,"
என்றாள் ஜமீலா.
"தெனம் எழுந்து திருகிப் பாப்பேன்."
"நான் எங்க ஜாலியக் கழுவிக் கழுவி ஊத்தறேன்,"
என்றாள் மரகதவல்லி.
ஸ்டெல்லா வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை.
மனைவியின் சமையலறையில் எலி செத்திருக்கிறதென்று
மூன்று மாதமாகச் சண்டை போட்டவர் அவர்.
ஸ்டெல்லா அவரைப் பார்த்தாள்.
அந்தப் பார்வைக்கு ஒரு போர்டு போதாது.

அவரவர் கதவுக்குள்
அவரவர் குற்றமாக இருந்தது
நாலு பத்துக்கு
எல்லோருடையதும் ஆனது.

லாரி ஆறுக்குச் சரியாக வந்தது.
ஹோஸைப் பிடித்தபடி தேசிங்கு கேட்டார்,
"இன்னா, யாராச்சும் பூட்டாங்களா? எல்லாரும் வெளிய கீறீங்க?"

ஞாயிறு எழுதினேன்:
திருத்தம். லாரி ஆறு மணிக்குத்தான்.
நாலு என்று எழுதியது என் பிழை.
நாற்றம் நாலு பத்து முதல் நாலே முக்கால் வரை.
அது என் பிழை இல்லை.

கரண்டுக்குச் சொல்லியனுப்புகிறார்கள்.
காற்றுக்குச் சொல்லியனுப்புகிறார்கள்.
போலியோ சொட்டுக்கு ஆட்டோவில் மைக் வருகிறது.
இதற்கு மட்டும்
எந்த ஆபீசிலிருந்தும் போன் வந்ததில்லை.

பத்து நாள் கழித்து
சட்டையை இன் பண்ணிய ஒருவர் வந்து
போர்டைப் போட்டோ எடுத்தார்.
யார் எழுதியது என்றார்.
"அது கேரம்போர்டு சார்," என்றாள் ஜமீலா.
"பசங்க வெளாடறது."
அவர் மூலை ஓட்டைகளைப் பார்த்தார்.
மறுக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் காலையில்
வலைப்பைக்குள் கை விட்டால் சாக்பீஸ் கிடைப்பதில்லை.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாத்திரை அட்டை,
நோட்டில் கிழித்த கோடு போட்ட தாள்:
"2.15. பாப்பா வாந்தி."
"மூணே கால். கண்ணு எரியுது."
"3.20 இருக்கும். கடியாரம் ஓடல."
இன்று இன்னொன்று, பென்சிலில்:
"எங்க பூனைய காணோம். வெள்ள. வால்ல மட்டும் கருப்பு."

நேரங்களை வரிசையாக எழுத
இடம் நிறைய வேண்டும்.
ஆனாலும் பூனையைத்தான் மேலே எழுதினேன்.
அது இன்றைக்கே கிடைத்துவிடலாம்.