திரும்பாதவை

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வந்த தண்ணீர்
ஆறரைக்குப் போய்விட்டது.
இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு சேறா
என்று முனகிக்கொண்டே பிரகலாதன்
சுவரில் ஆணியால் கோடு கிழித்தான்,
என் தோளுக்குச் சற்றுக் கீழே.

செகாம்புட்டில், தண்டவாளத்துக்குப் பின்னால்
எங்கள் சங்கக் கட்டடம்.
நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல்
இரவல் கொடுப்போம்.
வாடகை கிடையாது. திருப்பித் தந்தால் போதும்.

கட்டில்களின் மோட்டார் பதினான்கும் போச்சு.
கவிழ்ந்த நண்டுகளாய் மூலையில் நாற்காலிகள்.
ஒட்டுப்பலகை அலமாரி
தேநீரில் விழுந்த ரொட்டிபோல்
தொட்ட இடத்தில் கையோடு வந்தது.
மின்சாரப் பெட்டிக்குப் பதினோராயிரம் வெள்ளி
என்றார் ஆ செங்.
வாசலில் காய்ந்த மெத்தைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
ஒன்பது என்றார்.

மொத்தம் எண்பத்தாறாயிரம்.
கையிருப்பு நாலாயிரத்து இருநூற்றுப் பத்து.
நான் பொருளாளர்.

சேறு அள்ளிய வாளியையே கழுவி
பசார் மாலாமில் வைத்தோம்.
அப்பம் பாலிக் விற்கும் ரோஸ்னா
சில்லறை டின்னை அப்படியே அதில் கவிழ்த்துவிட்டு
அடுத்த ஆளுக்கு மிச்சம் கொடுக்கக் காசில்லாமல் நின்றாள்.
பிரியாணி டிக்கெட் முந்நூறு அச்சடித்தோம்,
விற்றது முந்நூற்றுப் பத்து.
எப்படி என்று இன்றுவரை கணக்கு இடிக்கிறது.
தொழிலதிபர் ஒருவர்
ஆளுயர அட்டைக் காசோலையோடு படம் எடுத்துக்கொண்டார்.
அட்டை இங்கேதான் இருக்கிறது,
உடைந்த ஜன்னலில் சாரலைத் தடுத்துக்கொண்டு.
காசோலை அடுத்த வாரமாம்.

தகர டிரங்குக்குள் ஒன்று மட்டும் நனையாமல் கிடந்தது:
இரவல் பேரேடு.
கடைசிப் பக்கங்களில், சிவப்பு மையில்,
என் கையெழுத்தில்
"திரும்பாதவை".
நாற்பத்தொரு பெயர்கள்.
கூட்டத்துக்குக் கூட்டம் பல்லைக் கடித்து நான் வாசித்தவை.
நன்றிகெட்டவர்களுக்கு இனி இரவல் இல்லை என்று
தீர்மானம் கொண்டுவந்து
ஒரே ஓட்டில் தோற்றவளும் நானே.

புனிதவதிதான் சொன்னாள்:
ஊரையெல்லாம் கேட்கிறோம்,
இவர்களிடமும் கேட்டால் என்ன?

புலனத்தில் செய்தி அனுப்பினேன்.
காசு கேட்டுத்தான்.

கெப்போங்கிலிருந்து லோரியில் கட்டில் வந்தது.
அம்மா போன பிறகு ஆறு வருஷம்
அதன்மேல் துணி மடித்து வைத்தார்களாம்.
மோட்டார் போட்டதும் எழுந்து உட்கார்ந்தது.
ஜிஞ்சாங் நாற்காலியின் இருக்கையில்
பூந்தொட்டி பதித்த வட்டக் கறை.
சியூ லான் ஊன்றுகோலைப் பேருந்திலேயே கொண்டுவந்தாள்;
வழி முழுக்க மூன்று பேர்
எழுந்து இடம் கொடுத்தார்களாம்,
சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள்.

ஸ்தாபாக் ஞானமணி மட்டும்
நாற்காலியைத் தரவில்லை.
"இன்னும் அதிலேதாம்மா உட்கார்ந்திருக்காரு."
மறுநாள் அவள் பெயரில் ஐம்பது வெள்ளி,
விவரம் என்ற கட்டத்தில் "வாடகை".
வாடகை கிடையாது என்று ரசீதில் எழுதப்போய்
பேனாவை மூடிவிட்டேன்.

இருபத்துமூன்று வந்தன.
எங்கள் கூரைக்குக் கீழே ஒழுங்காய் இருந்தவை
எல்லாம் நனைந்தன.
நான் திட்டியவை காய்ந்திருந்தன.

இன்னும் முப்பத்தோராயிரம் குறைகிறது.
தரை ஓடு பாதிதான்.
சுவருக்குச் சாயம் அடித்தவன்
ஆணிக்கோட்டை விட்டுவிட்டு அடித்திருக்கிறான்,
யார் சொன்னார்களோ.

நேற்று ஒரு பையன் வந்தான்,
அப்பாவுக்குக் காலில் அறுவை.
பூந்தொட்டிக் கறை நாற்காலியைத் தள்ளிப் பார்த்தான்,
பேரேட்டில் கையெழுத்திட்டான்.
எப்போது திருப்பித் தரணும் ஆன்ட்டி?

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அவசரமில்லை, என்றேன்.
மழைக்காலம் போகட்டும்.