முதல் முத்து எப்போது

இரு.
பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும்
வா வா என்று தடவிக்கொடுக்கும் வயிற்றை
நான் உள்ளங்கையால் அழுத்தி
இரு என்கிறேன்.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
கடைசி வராந்தாவின் கடைசி அறை.
கதவில் சிவப்பு மையில் என்னவோ எழுதி
ஒட்டியிருக்கிறார்கள்.
சன்னலுக்கு வெளியே மொட்டை மலை.
சித்திரை வெயிலில் அதற்கும் மேலெல்லாம் கொப்புளம்,
பாறை பாறையாய்.

உன் அண்ணன்தான் கொண்டுவந்தான் பால்வாடியிலிருந்து.
வயிற்றில் நாலு, முதுகில் ஏழு.
மூன்றாம் நாளே ஓடியாடினான்.
அவனை இடுப்பில் வைத்து
வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியவள் நான்.
சின்ன வயதில் எனக்கு வார்த்ததா என்று
கேட்டறிய ஆளில்லை.

'ஆத்தா வந்துகீறா, ஊசி கீசின்னு போவாத' என்றார் மாமியார்.
ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன்.
படி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது.

டாக்டரம்மா சொன்னார்:
முத்து போட்டு ஐந்து நாளாவது ஆகட்டும்.
உன் ரத்தம் கற்றுக்கொண்டதை
கொடி வழியே பிள்ளைக்கும் சொல்லிவிடும்.
முன்னால் பிறந்தால்
நோய் மட்டும் போய்ச் சேரும்,
எதிர்க்கிற வித்தை போகாது.
பச்சைப்பிள்ளை தாங்காது.
ஊசி ஒன்று இருக்கிறது, இங்கே இல்லை.

உன் அப்பா ஐஸ் பெட்டியோடு
சென்னைக்குப் பஸ் ஏறியிருக்கிறார்.

முதல் முத்து எப்போ, பொற்கொடி?
புதன்கிழமை என்றேன்.
கேஸ் ஷீட்டில் புதன் ஏறிவிட்டது.

இன்று ஞாயிறு.
விளக்கு வைத்த நேரத்திலிருந்து
இடுப்பு பிடித்துப் பிடித்து விடுகிறது.
நர்ஸ் யூனிஸ் அக்கா கையுறை விரல்களை மடக்குகிறார்:
புதன், வியாழன், வெள்ளி, சனி.
கட்டைவிரல் மட்டும்
மடங்காமல் தனியாக.

அப்போதுதான் ஞாபகம் வருகிறது
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியின் கக்கூஸ் கண்ணாடி.
செவ்வாய், டீக்கு மணி அடிக்கும் முன்.
காதுக்குப் பின்னால் ஒன்று,
ஜாக்கெட் விளிம்பில் ஒன்று, நீர் கோத்து.
வேர்க்குரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கான்ட்ராக்ட் ஆள் நான்.
வாரம் முழுக்க வந்தால்தான் முந்நூறு ரூபாய் கூட.
முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு
நாற்பது ஜோடி மேல்தோல் தைத்தேன்.
பக்கத்து மெஷினில் ரெஜினா.
ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.
அவளுக்கும் ஏழு மாதம்.

ஏழு மாதம் என்பது
இப்போதுதான் உறைக்கிறது.

அக்கா, புதன் இல்லை.
செவ்வாய்.
செவ்வாய்க் காலை.

யூனிஸ் அக்கா நிமிர்ந்து பார்க்கிறார்.
'நிஜமாவா? இல்ல புள்ளைக்காகச் சொல்றியா?'

நிஜம்தான், அக்கா.
மறைத்துவிட்டேன்.
ரெஜினாவுக்கு யாராவது போன் போடுங்கள்,
நம்பர் என் போனில் இருக்கிறது.
போன் அவரிடம்,
ஸ்ரீபெரும்புதூர் தாண்டி எங்கேயோ.

அக்கா ஒன்றும் பேசாமல்
கட்டைவிரலை மடக்குகிறார்.
மறுபடி பிடிக்கிறது இடுப்பு.
வா என்று சொல்ல
எனக்கு இன்னும் வாய் வரவில்லை.