நூறு மில்லி

காலை ஐந்தே கால். ட்ரோம்சோவில்
சூரியனைப் பார்த்து நாற்பது நாளாகிறது.
பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கிறேன்,
கையில் நீலக் கையுறை,
வாயில் தேய்ந்துபோன ஒரே வாக்கியம்:
திரவம், பசை, களிம்பு எல்லாம் வெளியே.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
இங்கே அளவு நூறு மில்லி.

பற்பசை திரவமா என்று கேட்பார்கள்.
திரவம்தான்.
கண்மை? திரவம். தலைக்குப் பூசும் மெழுகு?
விரலால் அழுத்திப் பார்; குழிந்தால் திரவம்.
அப்படியானால் நானும்தான் என்றான்
ஒரு மாணவன், கன்னத்தை அழுத்திக் காட்டி.
சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன்.

எங்கள் விதி பாத்திரத்தைத்தான் பார்க்கும்.
இருநூறு மில்லி புட்டியின் அடியில்
ஒரு கரண்டி ஷாம்பு ஒட்டியிருந்தாலும்
அது இருநூறுதான்.
இதைச் சொல்லும்போதெல்லாம்
கணக்கையே நான்தான் கெடுத்தேன் என்பதுபோல் பார்க்கிறார்கள்.

போன வாரம் தூர்லைஃப் என்றொரு மீனவர்.
சவரம் செய்தபின் தடவும் தண்ணீர், நூற்றைம்பது.
குப்பையில் போட மாட்டேன் என்றார்.
மூடியைத் திருகித் தன் கன்னம், கழுத்து,
பின்னால் நின்றவரின் மணிக்கட்டு,
அவருக்கும் பின்னால் நின்ற ஹேண்ட்பால் அணியின்
பன்னிரண்டு பெண்கள், ஒரு பயிற்சியாளர்.
வரிசையே எலுமிச்சையும் புகையிலையுமாய் நாறியது.
காலிப் புட்டியை என் கண்ணெதிரே கவிழ்த்து
"இப்போது எத்தனை மில்லி?"
காலிப் புட்டிக்கு விதியில் தடையில்லை.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இன்று வந்தவள் அப்படி எதுவும் செய்யவில்லை.
திரையில் பெட்டி நகர்ந்தபோதே தெரிந்தது:
ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வட்டமாய்ப் பதினேழு டப்பா.
திறந்தால் தோல்நிறங்கள்,
பால் வெளுப்பிலிருந்து காற்றில் கறுத்த கன்னம் வரை.
மெழுகு. தூரிகைகள். பல் உடைந்த சீப்பு ஒன்று.
மூன்று டப்பாக்கள் நூற்றிருபது மில்லி.

இவ்வளவும் உங்களுக்கா?
கேட்கவேண்டிய கேள்வியில்லை; வெறும் ஆவல்.
"வாட்ஸோவில் ஒருவருக்கு."
கல்யாணமா?

இங்கெர் மாரெட் ஹெட்டா
(அடையாள அட்டையில் அப்படித்தான் இருந்தது)
பின்னால் ஒரு குழந்தை நிற்பதைப் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினாள்.
"ஸ்னோ ஸ்கூட்டர் விபத்து. பத்தொன்பது வயது.
பெட்டியை மூடியே வைக்கலாம் என்றார்கள்.
அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.
நாளை பதினொரு மணிக்குத் திறக்கிறோம்."

விதி இருந்த இடத்திலேயே இருந்தது.
நான் போய் ஊட்ருனைக் கூப்பிட்டேன்.
அவள் தன் பையைத் தலைகீழாய்க் கொட்டி
கைக்குப் பூசும் கிரீம் டப்பா ஒன்றை எடுத்து,
இருந்ததையெல்லாம் தன் முழங்கையில் தேய்த்துத் தீர்த்துவிட்டு
டிஷ்யூவால் துடைத்துக் கொடுத்தாள்.
என் உதட்டு மெழுகின் தகர டப்பியும் போனது.
எஃகு மேசைமேல் மூன்று பேர்,
தட்டைக் கத்தியால் தோலை அள்ளி
இங்கிருந்து அங்கே மாற்றிக்கொண்டிருந்தோம்.
வரிசையில் யாரோ கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஒரு லிட்டர் பை மூடவில்லை. பிதுங்கியது.
ஒன்றை வெளியே எடுத்தாள். முகர்ந்தாள். திரும்ப வைத்தாள்.
வேறொன்றை எடுத்து மேசையில் விட்டாள்.
"இவனுக்கு இது வேண்டாம். இது முதியவர்களின் நிறம்."

கத்தி நுனியில் கொஞ்சம் மிச்சம்.
கையுறையைக் கழற்றச் சொன்னாள்.
என் மணிக்கட்டின் உள்பக்கம்,
நாடி பார்க்கும் இடத்தில், வைத்து
பெருவிரலால் ஒருமுறை இழுத்தாள்.
"பனிக்காலத்தில் இந்த ஊரில்
எல்லோரும் இந்த நிறம்தான்" என்றாள்,
பெல்ட்டை மாட்டிக்கொண்டே, பூட்ஸைத் தேடிக்கொண்டே.

விமானம் ஆறு ஐந்துக்குக் கிளம்பியது.

இடைவேளையில் கை கழுவப் போனேன்.
குழாயடியில், வெள்ளை விளக்கில்,
எங்கே பூசினாள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தெரியவில்லை.

திரும்பி வந்தால் ஒரு தாத்தா,
கையில் பாதி பிதுக்கிய டியூப்:
மகளே, இது திரவமா?